வேலுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

கொல்லிமலையில் மேகம் காலையில் இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்ளும் மேடு ஒன்று உண்டு. அந்த மேட்டில் ஒரு சின்ன மடம் இருந்தது. நான்கு ஓட்டு அறைகள், ஒரு கிணறு, மிளகுக்கொடி ஏறிய மரங்கள். அவ்வளவுதான் மடம்.

மடத்தின் குரு வடிவம்மா. நாற்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை. கேள்வி கேட்டால் அவரிடமிருந்து பதில் வருவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும் என்று மடத்தில் கேலி பேசுவார்கள்.

சீடர்களில் வயதில் மூத்தவர் நல்லுசாமி. அறுபதைத் தாண்டியவர். நாமக்கல்லில் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக லாரி வாங்கி, இந்தியாவின் பாதி ரோடுகளை மனப்பாடமாக வைத்திருந்தவர். மனைவி பாவாயி இறந்து காரியம் முடிந்த கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறி வந்துவிட்டார். இரண்டு வருஷம் ஆகிறது.

தன்னைவிட அவ்வளவு மூத்த சீடரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? வடிவம்மா அவரை 'அண்ணா' என்றார். அவர் குருவை 'அம்மா' என்றார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடர் என்று கொஞ்ச நேரம் குழம்பும்.

நல்லுசாமி சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. விடியும் முன்பே தண்ணீர் இறைத்துவிடுவார். விறகு பிளப்பார். ஓடு மாற்றுவார். "கொஞ்சம் உக்காருங்கண்ணா" என்றால் "ஆகட்டுங்கம்மா" என்பார். திரும்பிப் பார்ப்பதற்குள் கையில் மண்வெட்டியோடு நிற்பார்.

மடத்துக் காருக்கும் அவர்தான் டிரைவர். பெங்களூரிலிருந்து வந்த அன்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கார் அது. கொடுத்த அன்று நல்லுசாமி டிக்கியைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏனுங்க, ஸ்டெப்னியைக் காணோம்?"

"ஸ்டெப்னி கிடையாதுங்க. இது ரன்-ஃபிளாட் டயர். பஞ்சரானாலும் ஓடும்."

"பஞ்சரானாலும் ஓடுமா!"

"பக்கச் சுவரு கெட்டிங்க. காத்து போனா சுவரே வண்டியைத் தாங்கிக்கும். அதனாலேயே காத்து போனது கண்ணுக்குத் தெரியாது. டேஷ்போர்டுல இருக்கிற லைட்டைத்தான் நம்பணும். மாசம் ஒரு தடவை காலையில, வண்டி ஓடறதுக்கு முன்னாடி, டயர் சில்லுன்னு இருக்கும்போது காத்து அளக்கற கேஜ் வெச்சுப் பாத்துடுங்க. ஓடி வந்த சூட்டுல பாத்தா நிறைஞ்ச மாதிரிதான் காட்டும். காத்து போயிட்டா எண்பது கிலோமீட்டருக்குள்ள, மெதுவாப் போய், மெக்கானிக்கைப் பாத்துடணும். அதுக்கு மேல ஓட்டினா சுவரு உள்ளுக்குள்ள பொடிஞ்சு போயிடும். அதுவும் வெளியில தெரியாது."

அன்பர் இவ்வளவு சொன்னார். நல்லுசாமியின் காதில் விழுந்தது 'பஞ்சரானாலும் ஓடும்' என்ற ஒன்று மட்டும். பக்கத்தில் நின்ற வடிவம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் நல்லுசாமி தன் வழக்கத்தை விடவில்லை. லாரிக்காரர்களின் வழக்கம் அது. தினமும் காலையில் டயர் நெம்பும் இரும்பு லிவரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவார். காற்று இருந்தால் 'டங்' என்று வரும். இல்லாவிட்டால் 'தொப்' என்று வரும். மடத்தில் பாதிப் பேர் கண்விழிப்பதே அந்தச் சத்தத்தில்தான். இந்தக் காரில் எப்போதும் 'டங்'தான். அவருக்குப் பெருமை தாங்காது.

போன பௌர்ணமிக் கூட்டத்தில் அவரையும் பேசச் சொன்னார்கள். துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாதுங்க. டயரு தெரியும். நம்ம காருக்கு ஒரு டயரு போட்டிருக்குதுங்க. ஆணி குத்தும். காத்துப் போகும். ஒண்ணுமே நடக்காத மாதிரி அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். ஞானின்னா அப்படித்தானுங்க இருக்கோணும்."

கூட்டத்தில் ஒருவர் "ஆஹா" என்றார். இரண்டு மூன்று பேர் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். வடிவம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல டயருதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தார்.

*

அன்றைக்குக் காலையில் மேகம் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது. கிணறு தெரியவில்லை. கிணற்றில் வாளி விழும் சத்தம் மட்டும் கேட்டது. மரங்கள் இருந்த இடத்தில் மரங்களின் நினைவு போல ஏதோ நின்றது.

வடிவம்மா வாசலில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்லுசாமி வந்து எதிரில் நின்றார். கையில் எந்த வேலையும் இல்லாமல் அவர் வந்து நின்றதே புதிதாக இருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"எனக்குக் காவி எப்பக் குடுப்பீங்க?"

வடிவம்மா வெந்நீரை ஊதினார்.

"அவசரப்படறேன்னு நெனச்சுக்காதீங்க. நேத்து ராத்திரி எனக்கே தெரிஞ்சு போச்சுங்க, நான் தாண்டிட்டேன்னு. மக கோகிலா போன் பண்ணியிருந்தா. இன்னைக்கு மத்தியானம் நாமக்கல்லுல அவ வீட்டுல அவளுக்குக் கட்டுச்சோத்து விருந்துங்க."

கட்டுச்சோறு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பெண்ணைப் பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார்கள்.

"கோகிலா என்ன சொன்னா?"

"சோறெல்லாம் என் தம்பி வீட்டுல செஞ்சு கொண்டாந்துருவாங்களாம். 'நீங்க எதுவும் செய்ய வேண்டாம்ப்பா. சாப்பிட்டு முடிச்சதும் வந்து, வா கண்ணு, நம்ம வீட்டுக்குப் போலாம்னு ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும். அம்மா இருந்தா அம்மா கூப்பிட்டிருக்கும்'னு சொன்னாளுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரலைன்னுட்டனுங்க. வீடு பூட்டிக் கெடக்குது, சித்தப்பன் வீட்டுக்கே போயிரு கண்ணுன்னேன். அவ அழுதா. நான் போனை வெச்சுட்டேன். வெச்சுட்டு மனசைத் தொட்டுப் பாத்தனுங்க. ஒரு சொட்டு அசைவு இல்லீங்க. பாவாயி போனப்பவும் இப்படித்தான். இதுக்கு மேல எதைத் தாண்டறதுங்க?"

நல்லுசாமி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு உள்ளே உண்மையாகவே ஒன்றும் அசையவில்லை. அதை இரவு முழுவதும் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருந்தார். தூக்கம்தான் வரவில்லை. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

வடிவம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"வண்டி எடுங்கண்ணா. மலைக்குக் கீழ போகணும்."

"கோகிலா வீட்டுக்குன்னா வேண்டாமுங்கம்மா."

"கோகிலா வீடுன்னு நான் சொல்லலையே."

"பொறகு எங்கீங்க?"

"நீங்க ஓட்டுங்க."

காரைக் கிளப்பியதும் வழக்கம்போல 'டிங்' என்று ஒரு மணி அடித்தது. முதலில் அந்தச் சத்தம் நல்லுசாமிக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, "வண்டி வணக்கம் சொல்லுது" என்று மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது வணக்கமாகிவிட்டது.

*

ரோடு கொஞ்சம்தான் தெரிந்தது. வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு பாய் அளவுக்கு. அந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டே கார் இறங்கியது. ஒரு பலாமரம் வெள்ளையிலிருந்து வெளியே வந்து, உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி வெள்ளைக்குள் போய்விட்டது. எங்கோ ஒரு மாட்டின் மணி கேட்டது. மாடு வரவேயில்லை.

வளைவுக்குப் பின் வளைவு. மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது காதடைப்பில்தான் தெரிந்தது. வடிவம்மா பக்கத்து இருக்கையில் கால்களை மடித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

பாவாயியும் இப்படித்தான் உட்காருவாள் என்று நல்லுசாமிக்கு நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளை லாரியில் கூட்டிப் போயிருந்தார். விசாகப்பட்டினம் தாண்டி ஒரு விடியற்காலையில் இதே மாதிரிப் பனி. கேபினில் கால் மடித்து உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நாம ஓடறமா, நிக்கறமா?"

அவர் கியரை மாற்றினார். நினைவையும் சேர்த்து மாற்றினார். அது அவருக்குப் பழகிய வேலை.

"அண்ணா."

"சொல்லுங்கம்மா."

"அந்த வேல் படத்தைச் சுத்தி வெளிச்சமா இருக்கே?"

டேஷ்போர்டில் வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பழனியில் வாங்கியது. பனிமூட்டத்தில் காருக்குள் இருட்டாக இருந்ததால் வேலின் ஓரம் முழுவதும் மஞ்சளாக ஒளிர்ந்தது.

நல்லுசாமி புன்னகைத்தார். "நானும் பாத்திருக்கனுங்க. மேகம் எறங்குற நாள்ல நல்லாத் தெரியும். முருகன் கூடவே வர்றாருன்னு நெனச்சுக்குவேன்."

"முருகனுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பின்னாடிங்களா? அது ஒரு லைட்டுங்க. சும்மா எரியற லைட்டு."

"ஓரமா நிறுத்துங்கண்ணா."

அடுத்த வளைவில் ரோட்டின் ஓரம் கொஞ்சம் அகலமாக இருந்தது. நல்லுசாமி அங்கே காரை நிறுத்தினார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு இருந்திருக்க வேண்டும். வெள்ளைதான் இருந்தது. இஞ்சினை மட்டும் அணைத்ததும் காடு முழுவதும் நீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"ஸ்டிக்கரை எடுத்துப் பாக்கலாமா?"

"சாமி ஸ்டிக்கருங்களே, அம்மா."

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு."

நல்லுசாமி நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். பாதி கிழிந்து, பாதி கையோடு வந்தது. அடியில் மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு. குடத்தை நெடுக்காக வெட்டினாற்போல ஒரு படம், அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

"டயரு லைட்டு எப்ப இருந்து எரியுது?"

"மார்கழிக் குளிருல ஆரம்பிச்சுதுங்க. கீழ போறப்ப பங்க்குல காத்து புடிச்சேன். எல்லாம் சரியாத்தான் காட்டுச்சு. மேல வந்தா காலையில மறுபடி எரியும். பைத்தியக்கார லைட்டுங்க. கண்ணுக்கு உறுத்தலா இருந்துச்சு, ஒட்டிட்டனுங்க."

"பங்க்குக்கு ஓடிப் போன சூட்டுல பாத்தீங்களா?"

"ஓடாம பங்க்குக்கு எப்படிங்கம்மா போறது?"

வடிவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லுசாமியும் கொஞ்சம் சிரித்தார்.

"சரி, இப்பத் தட்டிப் பாருங்க."

நல்லுசாமிக்கு உற்சாகம் வந்தது. லிவரை எடுத்துக்கொண்டு இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். டங். டங். டங். டங். மேகத்துக்குள் அந்தச் சத்தம் கொஞ்ச தூரம் நடந்து போய் நின்றது.

"கேட்டீங்களாம்மா? நாலும் கல்லு மாதிரி இருக்குது. குனிஞ்சு பாத்தாலும் ஒரு சப்பை இல்லை."

"கேஜ் வெச்சுப் பாருங்க."

பெங்களூர் அன்பர் கொடுத்த கேஜ் டிக்கியின் மூலையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடந்தது. அதைப் பிரித்து, முன்னால் இருந்த ஒரு டயரின் வால்வு மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தார். முள் துள்ளி ஏறியது. அடுத்ததிலும் ஏறியது. பின்னால் வலது டயர், அதிலும் ஏறியது.

பின்னால் இடது டயரில் வைத்தார். முள் அசையவில்லை.

"கேஜு போயிருச்சுங்க" என்றார்.

வலதுபக்க டயருக்குப் போய் மறுபடி வைத்தார். முள் ஏறியது. திரும்ப வந்து இடதில் வைத்தார். முள் படுத்தே கிடந்தது. வால்வை அழுத்திப் பார்த்தார். 'உஸ்' என்ற சத்தம்கூட வரவில்லை.

அவர் குந்தி உட்கார்ந்து டயரை உற்றுப் பார்த்தார். அது மற்ற மூன்றையும் போலவே இருந்தது. வட்டமாக, கறுப்பாக, கம்பீரமாக. ஓட்டை எங்கே என்று தடவிப் பார்க்கலாம் என உள்ளங்கையைப் பக்கச் சுவரில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"என்னண்ணா?"

"சுடுதுங்க."

எழுந்துபோய் மற்ற மூன்றையும் தொட்டுப் பார்த்தார். சாதாரணச் சூடு. இது மட்டும் அடுப்பு. வெளியில் இவ்வளவு குளிரில், ஈரக் காற்றில், ஒரு சத்தமும் இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

வடிவம்மா இறங்கி வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்.

"இனி என்னண்ணா பண்றது?"

"ஓட்டலாமுங்க. இதுக்குத்தான இந்த டயரு. காத்து போனாலும் ஓடும்." அவருடைய குரலில் பௌர்ணமிக் கூட்டத்தின் தெம்பு பாதிதான் இருந்தது.

"எவ்வளவு தூரம் ஓடும்?"

"எண்பது கிலோமீட்டருன்னு சொன்னாருங்க."

"எங்கிருந்து எண்ணணும்?"

"காத்து போன எடத்துல இருந்துதானுங்க."

"அது எந்த இடம்?"

நல்லுசாமி வாயைத் திறந்தார். நேற்று மலைமேலேயே செம்மேட்டுக் கடைத்தெருவுக்குப் போய் வந்தது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் அரிசி வாங்க நாமக்கல் போய் வந்தது. அதற்கு முன்னால், அதற்கு முன்னால். அத்தனை நாளும் வண்டி வணக்கம் சொல்லியிருக்கிறது. அத்தனை நாளும் வேல் ஒளிர்ந்திருக்கிறது. இந்தியாவின் பாதி ரோடுகளைக் கேட்டால் சொல்லிவிடுவார். இந்த ஒரு இடத்தை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

"தெரியலீங்க" என்றார்.

வாழ்க்கையில் ஒரு வண்டியின் முன்னால் நின்று அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேகம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. கொஞ்ச நேரம் அவருக்கு வடிவம்மாவின் முகம் தெரியவில்லை. குரல்தான் வந்தது.

"பாவாயி அக்கா போன அன்னைக்கு உங்களை யாராச்சும் தட்டிப் பாத்தாங்களாண்ணா?"

நல்லுசாமி லிவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அன்றைக்குப் பந்தல் போட்டது அவர்தான். வந்தவர்களுக்கெல்லாம் வண்டி ஏற்பாடு செய்தவர் அவர்தான். சமையல்காரனுக்கு வெங்காயம் போதவில்லை என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியதும் அவர்தான்.

"பாத்தாங்க" என்றார். "வந்தவங்க எல்லாரும் தோளுல தட்டிப் பாத்தாங்க. 'நல்லுசாமிக்கு என்ன, இரும்பு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."



*

பஸ் வந்தது முதலில் ஹாரன் சத்தமாகத்தான். பிறகு இரண்டு மங்கலான விளக்குகள். பிறகு நாமக்கல் என்று எழுதிய பலகை. வடிவம்மா ரோட்டின் நடுவில் போய் நின்று கையைக் காட்டினார்.

"அம்மா, காரு?"

"பூட்டிட்டு வாங்க. அது நின்னுட்டு இருக்கட்டும்."

நல்லுசாமி காரைப் பூட்டினார். லிவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு ஓடி வந்து ஏறினார்.

பஸ்ஸில் அதிகக் கூட்டம் இல்லை. வாழைத்தார்களுக்கும் அன்னாசிப்பழ மூட்டைக்கும் நடுவில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் வடிவம்மா உட்கார்ந்தார். பக்கத்தில் நல்லுசாமி. பஸ் அசைந்து கிளம்பியது.

கண்டக்டர் வந்தார். "காரவள்ளிங்களா? கார் நின்னுட்டு இருந்துச்சே, மெக்கானிக்குக்குத்தான போறீங்க?"

மலையடியில் காரவள்ளி. மெக்கானிக் அங்கே இருந்தார். அங்கே இறங்கி ஆளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிடலாம். நியாயமான பயணம் அதுதான். நல்லுசாமி திரும்பி வடிவம்மாவைப் பார்த்தார். வடிவம்மா ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லாத வெள்ளையை ரொம்பவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க, எங்க?" என்றார் கண்டக்டர்.

காரவள்ளி என்று சொல்லத்தான் நல்லுசாமி வாயைத் திறந்தார்.

"நாமக்கல்லு" என்று வந்தது. "ரெண்டு."

டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு அவருக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிடிக்க ஸ்டியரிங் இல்லை. மாற்ற கியர் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவை மடியில் சும்மா கிடந்தன. மழையில் நனைந்த இரண்டு கோழிகள் ஒண்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

பஸ் வளைவுகளில் மெதுவாகத் திரும்பி இறங்கியது. கண்ணாடிக்கு வெளியே மரம் இல்லை, ரோடு இல்லை, மலை இல்லை. இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, ஆனால் எதுவும் பின்னால் நகரவில்லை.

"அம்மா."

"ம்."

"பாவாயி ஒரு தடவை கேட்டாளுங்க. இதே மாதிரிப் பனி. லாரில என் பக்கத்துல உக்காந்துட்டு, 'நாம ஓடறமா, நிக்கறமா'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சுட்டு ஹாரன் அடிச்சேன். பதில் சொல்லவே இல்லீங்க." அவர் மூச்சை இழுத்தார். "அவளை ஆஸ்பத்திரில வெச்சிருந்தப்பவும் என்னமோ கேட்டா. நான் வெளிய நின்னு வண்டிக்குப் பேசிட்டு இருந்தனுங்க. உள்ள வந்தா, பேச்சு நின்னு போச்சு. என்ன கேட்டான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.   முதலில் இருமல் வருகிறது என்றுதான் நினைத்தார். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் கன்னம் நனைந்திருப்பது அவருக்கே தெரிந்தது. நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. தோள் குலுங்கியது. உடம்பில் எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்தது.

"நிக்க மாட்டேங்குதுங்கம்மா" என்றார் குழந்தையைப் போல. "விருந்து வீட்டுக்கு இப்படியா போறது? கோகிலா பாத்தா என்ன நெனப்பா? எல்லாரும் பாக்கறாங்களே."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடினார்.

வடிவம்மா கையை நீட்டித் துண்டின் ஓரத்தைப் பிடித்தார். ஸ்டிக்கரை உரிப்பது போல மெதுவாக இழுத்து, அவர் மடியில் கிடந்த கைகளின் மேல் வைத்தார்.

"மூடாதீங்கண்ணா" என்றார். "இப்பத்தான் லைட்டு எரியுது."